சபையில் கிறிஸ்துமஸ் கார்டு ஓவியப் போட்டி: அறிவிப்பு முதல் அஞ்சல் வரை

நாங்கள் முதன்முதலில் நடத்திய போட்டியில் முதல் பரிசு ஒரு தேவதூதன் படத்துக்குப் போனது. வரைந்தவள் ஒன்பது வயதுப் பிள்ளை. சிறகுகள் இரண்டும் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிந்திருந்தன. ஒவ்வொரு இறகுக்கும் தனித்தனியாக நீலக் கோடு போட்டிருந்தாள். அச்சடித்து வந்த கார்டில் இடது சிறகின் நுனியைக் காணோம். கட்டிங்கில் போய்விட்டது. அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இங்க இன்னும் மூணு இறகு இருந்துச்சே” என்று மட்டும் கேட்டாள்.

தவறு அச்சகத்தின் மேல் இல்லை. ஓரத்தில் இடம் விட வேண்டும் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கே தெரியாது. ஓவியத்திலிருந்து தொடங்கி, கடைசியில் அதை எப்படியாவது கார்டுக்குள் அடக்கிவிடலாம் என்று நினைத்திருந்தோம். இந்தப் போட்டியைப் பின்பக்கத்திலிருந்துதான் திட்டமிட வேண்டும். ஒருவர் வீட்டில் உறையைப் பிரித்து கார்டை எடுக்கிறார் இல்லையா, அந்த இடத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாகப் பின்னால் வர வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அப்படிப் போட்ட திட்டம்தான்.

1. கார்டு யாருக்குப் போகிறது?

குழு கூடும் முதல் நாளே இதை முடிவு செய்துவிடுங்கள். ஆலயத்துக்கு வர முடியாமல் படுத்திருக்கும் பெரியவர்களுக்கா, மருத்துவமனையில் இருப்பவர்களுக்கா, ஊர்விட்டுப் போன சபைக் குடும்பங்களுக்கா, அல்லது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி சேர்க்க விற்பதற்கா? எத்தனை கார்டு, எந்த மாதிரித் தாள், உள்ளே என்ன வாசகம் என்பதெல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான். விற்கப்போகிற கார்டு என்றால் பத்துப் பத்தாகக் கட்டி வைக்க வேண்டும். கண் மங்கிய பெரியவர்களுக்கு என்றால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், படமும் தெளிவான நிறங்களில் இருந்தால் நல்லது.

அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் கார்டு 1843-ல் லண்டனில் வந்தது. ஹென்றி கோல் என்பவர் கேட்டுக்கொள்ள, ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்து கொடுத்தார். சுமார் 1000 பிரதிகள் அச்சானது. நடுவில் ஒரு குடும்பம் விருந்துக்கு உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் சிறு படங்கள்: ஒன்றில் ஏழைகளுக்கு உணவு கொடுக்கிறார்கள், மற்றொன்றில் உடை கொடுக்கிறார்கள். ஆரம்பக் கார்டிலேயே பக்கத்து வீட்டு மனிதருக்கும் ஓர் இடம் இருந்தது. அதே கார்டுக்குக் கண்டனமும் வந்தது. நடுப்படத்தில் ஒரு சிறு குழந்தையின் வாயில் மதுக்கோப்பையை வைத்திருந்தார்கள். மதுவிலக்கு ஆதரவாளர்கள் அதைப் பொறுக்கவில்லை. அச்சுக்குப் போகுமுன் புதிதாக நாலு கண்கள் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடைக்காது.

பெயர்ப் பட்டியலையும் இப்போதே தொடங்குங்கள். எண்ணிக்கை தெரிந்தால்தான் அச்சகத்தில் பேச முடியும்.

2. நாள்காட்டியைத் திருப்பிப் போடுங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு எந்த வருஷமும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அந்த ஞாயிறன்று கார்டுகள் கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அச்சுக்கும் மடிப்புக்கும் இரண்டு வாரம். ப்ரூஃப் (முழுசாக அச்சடிக்கும் முன் எடுக்கும் மாதிரி) பார்க்க ஒரு வாரம். ஸ்கேன், வடிவமைப்புக்கு ஒரு வாரம். நடுவர்களுக்கு ஒரு வாரம். பிள்ளைகள் வரைய நாலு வாரம். கூட்டினால் ஒன்பது வாரம். அப்படியானால் செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் அறிவிப்பு வந்தாக வேண்டும். தேர்வு நேரம், பள்ளி விடுமுறை எல்லாம் குறுக்கே வரும், அதனால் இன்னொரு வாரம் கூடுதலாக வைத்துக்கொண்டால் நிம்மதி. வெளிநாட்டுக்கு அஞ்சலில் போக வேண்டிய கார்டுகளைத் தனியாக எடுத்து முதலில் அனுப்புங்கள்.

3. தாளின் அளவை நீங்களே கொடுங்கள்

“எந்த அளவிலும் வரையலாம்” என்று அறிவிப்பது தாராளமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு படம் சதுரமாக வரும், இன்னொன்று நீளமாக வரும். எதைக் கார்டாக்கினாலும் ஏதாவது ஒரு பக்கம் வெட்டுப்படும்.

ஏ வரிசைத் தாள்களில் ஒரு வசதி உண்டு. ஏ4, ஏ5, ஏ6 எல்லாவற்றிலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றுதான். ஏ4 (210 × 297 மி.மீ.) தாளில் வரைந்த படத்தைப் பாதி அளவுக்குக் குறைத்தால் ஏ6 (105 × 148 மி.மீ.) கார்டின் முகப்பில் அப்படியே உட்கார்ந்துவிடும். அதை ஏந்தும் உறை சி6, அதாவது 114 × 162 மி.மீ. ஆகவே எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏ4 கெட்டித் தாளைச் சபையே கொடுப்பது நல்லது. நிமிர்த்தியும் வரையலாம், படுக்கவைத்தும் வரையலாம். மடிப்பு வரும் பக்கம்தான் மாறும்.

ஓரம் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். நிறம் கார்டின் விளிம்பு வரை ஓட வேண்டுமானால் அச்சகத்தில் நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக அச்சடித்து, அதை வெட்டி எறிவார்கள். அதற்கு ‘ப்ளீட்’ என்று பெயர். கார்டில் வெட்டுகிற 3 மி.மீ., ஏ4 தாளில் கிட்டத்தட்ட 6 மி.மீ. கத்தி கொஞ்சம் அசையவும் இடம் வேண்டும். அதனால் தாளைச் சுற்றி 15 மி.மீ. உள்ளே மெல்லிய பென்சில் கோடு போட்டே கொடுக்கிறோம். வானம், புல், இருட்டு எல்லாம் கோட்டைத் தாண்டிப் போகலாம். முகம், கை, சிறகு, எழுத்து மட்டும் உள்ளேயே நிற்க வேண்டும்.

ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் இந்த விதியைச் சொல்லிப் பயனில்லை. அவர்கள் படத்தை முழுசாகச் சிறிதாக்கி, சுற்றி வெள்ளைச் சட்டம் விட்டு அச்சடித்துவிடுங்கள். எதுவும் வெட்டுப்படாது. பார்க்கவும் அழகாக இருக்கும்.

4. தலைப்பு

வெறுமனே ‘கிறிஸ்துமஸ்’ என்று கொடுத்தால் முப்பது படங்களில் இருபது ஒரே மாதிரி வரும்: ஒரு மரம், ஒரு நட்சத்திரம், நாலு பரிசுப் பெட்டி. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர்கள் பார்த்த கார்டுகள் அப்படி. நான் பரிந்துரைப்பது ஒரு கேள்வியைத் தலைப்பாகக் கொடுப்பது. “அந்த இரவு மேய்ப்பர்கள் எதைப் பார்த்தார்கள்?” “சத்திரத்தில் இடமில்லை என்று கேட்டதும் மரியாளும் யோசேப்பும் எப்படி நடந்து போயிருப்பார்கள்?” “நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே ஞானிகள் எவ்வளவு தூரம் நடந்திருப்பார்கள்?” கேள்வி கேட்டால் பிள்ளை யோசிக்கும். ஒருமுறை ஒரு சிறுவன் மேய்ப்பர்களை வரையாமல், பயந்து போய் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஆடுகளை மட்டும் வரைந்து, அவற்றின் முதுகில் மஞ்சள் வெளிச்சம் தீட்டியிருந்தான். தூதன் படத்திலேயே இல்லை. ஆனால் தூதன் எங்கே நிற்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

வரையும் முன் ஓய்வுநாள் பள்ளியிலோ மறைக்கல்வி வகுப்பிலோ லூக்கா 2-ஐயும் மத்தேயு 2-ஐயும் சத்தமாக, நிதானமாக வாசியுங்கள். வாசிக்கும்போது பிள்ளைகளே சிலதைக் கண்டுபிடிப்பார்கள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மூன்று பேர் என்று எங்கும் இல்லை, காணிக்கைகள்தான் மூன்று. அவர்கள் வந்தது ஒரு வீட்டுக்கு என்றுதான் மத்தேயு எழுதுகிறார். மாடும் கழுதையும் இரண்டு அதிகாரங்களிலும் இல்லை. இதெல்லாம் திருத்துவதற்காக அல்ல. குடிலில் மாடு வரைந்த பிள்ளையை யாரும் நிறுத்த வேண்டாம். வாசித்ததிலிருந்து ஒரு புதிய படம் மனசில் விழுந்தால் போதும்.

கிறிஸ்துமஸ் தாத்தா, மரம், பனி ஆகியவை வரலாமா கூடாதா? எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரைந்து கொண்டுவந்த பிறகு ‘இது கூடாது’ என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல நேரக் கூடாது.

5. அறிவிப்பும் சம்மதச் சீட்டும்

அறிவிப்பை ஒரே பக்கத்தில் முடியுங்கள்: தலைப்பு, வயதுப் பிரிவுகள், கடைசி நாள், யாரிடம் கொடுக்க வேண்டும், தாள் எங்கே கிடைக்கும், கார்டு யாருக்குப் போகப்போகிறது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டியம்மாவுக்குப் போகிறது என்று தெரிந்த பிள்ளை வேறு விதமாக வரையும்.

பிரிவுகளை 5 வயது வரை, 6–8, 9–12, 13–17, பெரியவர்கள் என்று வைத்தால் சரியாக இருக்கும். பெரியவர்கள் பிரிவை விட்டுவிடாதீர்கள். பள்ளிக்குப் பிறகு தூரிகையைத் தொடாதவர்கள் சபையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஒரு அழைப்புக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

விதிகள் நாலு போதும். படம் சொந்தமாக வரைந்ததாக இருக்க வேண்டும். இன்னொரு கார்டிலிருந்தோ இணையத்திலிருந்தோ படியெடுக்கக் கூடாது. கார்ட்டூன் கம்பெனிகளின் பாத்திரங்கள் வேண்டாம். அவை காப்புரிமை உள்ளவை, விற்பனைக் கார்டில் வந்தால் சிக்கல். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்கள் ஏற்கப்படாது. டிஜிட்டலில் தானே வரைந்தவர்களை ஏற்பதாக இருந்தால் அளவைச் சொல்லுங்கள்: ஏ6 கார்டுக்கு ப்ளீட்டோடு சேர்த்து 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1311 × 1819 பிக்சல்.

சம்மதச் சீட்டில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். படத்தை அச்சிடச் சம்மதம், கார்டின் பின்னால் பெயர் எப்படி வர வேண்டும், மூலப் படம் திரும்ப வேண்டுமா என்று மூன்று கேள்விகள். கார்டில் பிள்ளையின் முதல் பெயரும் வயதும் மட்டும் போதும். பள்ளி, முகவரி, புகைப்படம் எதுவும் வேண்டாம். கார்டு யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

6. வரையும் நாள்

வீட்டில் வரையச் சொல்லலாம், ஆனால் அம்மா அப்பாவின் கை எப்படியும் உள்ளே வந்துவிடும். பாசத்தில் வருவதுதான், ஆனால் பிள்ளைக்கு அது நல்லதில்லை. ஆலய ஹாலில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வராத பிள்ளைகள் வீட்டிலிருந்தும் கொடுக்கலாம் என்று வையுங்கள்.

பொருட்களில் கவனம் தேவை. மினுமினுக்கும் தூள் வேண்டவே வேண்டாம். கையில் பார்க்கும்போது ஜொலிக்கும். ஸ்கேனரில் அது சாம்பல் புள்ளியாக வரும், கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த பத்துப் படங்களையும் கெடுக்கும். தங்க நிறப் பேனாவும் அப்படித்தான், மங்கிய பழுப்பாகிவிடும். ஃப்ளோரசன்ட் நிறங்களைச் சாதாரண அச்சு மைகளால் கொண்டுவர முடியாது. வெளிறிய பென்சில் கோடுகள் ஸ்கேனில் காணாமல் போகும். போஸ்டர் கலர், ஸ்கெட்ச் பேனா, அழுத்தித் தீட்டிய க்ரேயான் மூன்றும் நன்றாக அச்சாகும். ஆயில் பேஸ்டல் அருமையாக வரும், ஆனால் உரசினால் அப்பிக்கொள்ளும். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் மெல்லிய தாள் வையுங்கள்.

சரி, தங்கம் இல்லாமல் நட்சத்திரம் எப்படி ஒளிரும்? பிள்ளைகளிடம் இதைச் செய்து காட்டுங்கள். நட்சத்திரத்தின் நடுவில் தாளின் வெள்ளையை அப்படியே விடுங்கள். அதைச் சுற்றி வெளிர் மஞ்சள், அதற்கு வெளியே கொஞ்சம் ஆரஞ்சு கலந்த மஞ்சள். பிறகு வானத்தை அடர் நீலத்தால் நட்சத்திரத்தின் விளிம்பு வரை நெருக்கமாக நிரப்புங்கள். இருட்டு கூடக் கூட நட்சத்திரம் தானாக எரியும். இதை ஒரு தடவை பார்த்த பிள்ளை மினுக்குத் தூளைத் திரும்பக் கேட்காது.

நல்ல பொருள் இல்லையே என்று எந்தப் பிள்ளையும் பின்வாங்க வேண்டாம். ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெஃப் 1949-ல் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டையின் படத்தை வரைந்தவள் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த 7 வயதுச் சிறுமி யிட்கா சாம்கோவா. போருக்குப் பிறகு தன் ஊருக்குக் கிடைத்த உதவிக்கு நன்றியாக வரைந்தாள். தாள் கிடைக்காததால் கண்ணாடியில் தீட்டினாள்.

7. வாங்கி வைப்பது

இது சின்ன வேலை, ஆனால் இங்கே ஒழுங்கு தவறினால் பின்னால் மனஸ்தாபம் வரும். பின்பக்கம் பென்சிலால் ஒரு எண் மட்டும் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும். எண்ணுக்கு எதிரே பெயரும் வயதும் தனி நோட்டில் இருக்கட்டும், அந்த நோட்டு ஒருவரிடம் மட்டும். வாங்கிய அன்றே ஒவ்வொரு படத்தையும் செல்போனில் படம் பிடித்து வைத்துவிடுங்கள்.

8. நடுவர்கள்

மூன்று பேர் போதும். ஒருவர் ஓவியம் தெரிந்தவர். ஒருவர் அச்சு அல்லது வடிவமைப்பு வேலை தெரிந்தவர். மூன்றாமவர், இந்தக் கார்டு போய்ச் சேரப்போகும் ஆட்களில் ஒருவராக இருக்கட்டும். நடமாடக்கூடிய ஒரு மூத்த சபையாரைக் கேட்டுப் பாருங்கள். மற்ற இருவரும் கவனிக்காத ஒன்றை அவர் நிச்சயம் சொல்வார். தன் வீட்டுப் பிள்ளை உள்ள பிரிவில் யாரும் மதிப்பெண் போட வேண்டாம். ஆயரையோ பங்குத்தந்தையையோ நடுவராக்காமல் விடுவது அவருக்கும் நல்லது.

மதிப்பிடும் முறையில் ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்வேன்: படங்களைக் கார்டு அளவில் பாருங்கள். எல்லாப் படங்களையும் ஏ6 அளவில் சாதாரணத் தாளில் அச்செடுத்து மேஜையில் பரப்பி வையுங்கள். ஏ4-ல் பிரமாதமாகத் தெரிந்த படம், நாற்பது சின்ன உருவங்களோடு இருந்தது, கார்டு அளவில் எறும்புக் கூட்டமாகிவிடும். அந்த ஆட்டு மந்தைப் படம் மாதிரி இரண்டு நிறமும் ஒரு எண்ணமும் உள்ள படம் அப்போதுதான் தலைதூக்கும். மேஜையை விட்டு நாலடி தள்ளி நின்றும் பாருங்கள். கட்டிலுக்கு அருகே நிற்கும் கார்டை அந்தத் தூரத்திலிருந்துதான் ஒருவர் பார்ப்பார்.

மதிப்பெண்ணைத் தலைப்புக்குப் பதில் சொல்கிறதா, சொந்தப் பார்வையா, கார்டு அளவில் நிற்கிறதா என்று மூன்றாகப் பிரித்துப் பத்துப் பத்தாகக் கொடுங்கள். சிறு பிள்ளைகள் பிரிவில் ‘சுத்தம், நேர்த்தி’ என்று ஒரு வரியைச் சேர்த்தால் பெரியவர்கள் கை வைத்த படம்தான் ஜெயிக்கும். மூன்று நடுவர்களும் பேசாமல் தனித்தனியாக எழுதட்டும், பிறகு கூட்டிப் பார்க்கலாம். சமமாக வந்தால் கார்டு பெறப்போகும் அந்த மூத்தவர் சொல்வதே முடிவு.

சபையார் ஓட்டும் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நடுவர் முடிவோடு அதைக் கலக்காதீர்கள். பெரிய குடும்பத்துப் பிள்ளைக்கே அது எப்போதும் விழும். வேண்டுமானால் தனிப் பாராட்டாக வையுங்கள். பாஸ்டன் அச்சகர் லூயி பிராங் 1880-ல் கிறிஸ்துமஸ் கார்டு வடிவமைப்புக்குப் பரிசுப் போட்டி நடத்தியபோது, வந்த ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்கக் கண்காட்சியாகவும் வைத்தார். நீங்களும் வந்த படங்கள் அனைத்தையும், தேர்வானதும் ஆகாததும் வித்தியாசமில்லாமல், திருவருகைக் காலம் முழுக்கச் சுவரில் மாட்டி வையுங்கள்.

9. பரிசு

பணம் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு நல்ல வண்ணப் பெட்டியும், தன் படம் அச்சான 25 கார்டுகளும் கொடுங்கள். அந்த 25-ஐப் பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள்; வகுப்பு ஆசிரியை முதல் எதிர்வீட்டுத் தாத்தா வரை எல்லோருக்கும் போகும். தேர்வாகாத பிள்ளைகளுக்கும் அவரவர் படத்தைக் கெட்டித் தாளில் ஐந்து பிரதி எடுத்துக் கொடுங்கள். வீட்டுப் பிரிண்டரில் செய்யக்கூடிய வேலைதான். கலந்துகொண்ட ஒவ்வொரு பிள்ளையும் தான் வரைந்த கார்டை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். நான் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

10. ஸ்கேன், வடிவமைப்பு, அச்சு

ஸ்கேன் 600 டிபிஐ-யில் எடுத்துக்கொள்ளுங்கள், அச்சுக்கு 300 போதும். ஸ்கேனரில் வைக்க முடியாத படத்தைச் சுவரில் நேராக மாட்டி, இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் படம் பிடிக்கலாம். கணினியில் தாளின் வெள்ளையை வெள்ளையாக்குவதோடு நிறுத்துங்கள். கோணலாகப் போன கோட்டையும் வெளியே வழிந்த நிறத்தையும் அழிக்க வேண்டாம். அது பிள்ளையின் கை.

படத்தின் மேல் எழுத்துப் போடாதீர்கள். வாழ்த்து உள்ளே இருக்கட்டும், அதுவும் இரண்டு மூன்று வரிகள். மீதி இடம் கையால் எழுதுவதற்கு. நீளமான வசனம் போட்டு உள்பக்கத்தை நிரப்பிவிட்டால் அனுப்புபவர் கையெழுத்து மட்டும் போட்டு மூடிவிடுவார். பின்பக்கத்தில் படத்தின் பெயர், பிள்ளையின் பெயர், வயது, சபையின் பெயர்.

தாள் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). உள்பக்கம் பளபளப்புப் பூச்சு இல்லாததாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் பேனா மை நிற்காது. இந்தக் கனத்தில் கிரீசிங் (மடிப்பு வரும் இடத்தில் முதலிலேயே கோடாக அழுத்துவது) போடாமல் மடித்தால் மடிப்பில் நிறம் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். அச்சடிக்கக் கொடுக்கும்போதே “கிரீசிங் போட்டுக் கொடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.

ப்ரூஃபை உண்மையான தாளில் எடுத்துப் பாருங்கள், திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். திரை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ஒளியில் காட்டுவதை அச்சு சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மையில் கொண்டுவருகிறது. பளிச்சென்ற நீலமும் பச்சையும் கொஞ்சம் இறங்கிப் போகும். மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். மடித்து உறைக்குள் போட்டும் பாருங்கள். பிள்ளையின் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பெற்றோரிடமே காட்டிவிடுங்கள்.

11. எழுதி அனுப்புவது, மூலப் படத்தைத் திருப்புவது

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீளமான மேஜை போட்டு, பெயர்ப் பட்டியல், உறைகள், பேனாக்கள் வையுங்கள். ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் ஜோடியாக உட்கார்ந்து ஐந்து ஐந்து கார்டு எழுதினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். “நான் தான் இந்தப் படம் வரைந்தேன்” என்று பிள்ளையே எழுதலாம். பக்கத்தில் உள்ளவர்களுக்கு அஞ்சலைவிட நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. அப்படிப் போன வீட்டில் ஒரு அம்மா கார்டை மாத்திரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்தார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பதினொன்று. வரைந்த பையன் பன்னிரண்டு என்றான். ஒன்று மற்றொன்றின் பின்னால் ஒளிந்திருக்கிறதாம். அவர் மறுபடியும் தேடினார்.

மூலப் படங்களை ஜனவரி 6, ஞானிகள் திருநாள் முடிந்த பிறகு சுவரிலிருந்து இறக்கி, மடக்காமல் அட்டை வைத்த உறையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். கூடவே அச்சான கார்டு ஒன்று, பதில் கடிதம் ஏதாவது வந்திருந்தால் அதன் நகல் ஒன்று. படத்தின் பின்னால், அந்த எண்ணுக்குக் கீழே, பென்சிலால் இன்னொரு வரி எழுதுகிறோம்: இந்தப் படம் எத்தனை வீடுகளுக்குப் போனது என்று.